பேண்ட் அளவு 36. நீச்சல் உடைக்கு எந்த அளவு?

கேள்வி: எனக்கு வயது 52. காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமம். சிறுவயதில் ஊரணியில் துண்டைக் கட்டிக்கொண்டு நீந்தியதோடு சரி. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னதால், நகரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து, தினமும் முக்கால் மணி நேரம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நீந்துகிறேன். பேண்ட் அளவு 36. கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எக்ஸ்எல் கொடுத்தார். சுவரை உதைத்துக் கிளம்பும்போதெல்லாம் அது கீழே இறங்குகிறது. நாடாவை இறுக்கினால் வயிற்றில் தடம் விழுகிறது. குளத்துப் பயிற்சியாளரோ, ஓர் அளவு குறைத்து, முழங்கால் வரை வரும் ஜாமரைத் தம்மிடமே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். தொப்புள் மட்டத்தில் என் சுற்றளவு 40 அங்குலம், பின்புறத்தில் 39. எந்த அளவு வாங்குவது? வாங்கிய எக்ஸ்எல்லை என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு வேண்டிய எண் உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. 36 அன்று, 40 அன்று, 39. பின்புறம் மிக அகலமாக இருக்கும் மட்டத்தில் எடுத்த இந்தச் சுற்றளவைத்தான் தையற்காரர்கள் ‘சீட்’ என்கிறார்கள். 39 அங்குலம் என்பது 99 சென்டிமீட்டர். நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியின் அளவு அட்டவணையில், சீட்டுக்கு உரிய பத்தியில் 99 எந்த வரிசையில் விழுகிறதோ, அதுவே உங்கள் அளவு. அந்த வரிசையின் தலையில் 36 என்று இருக்கலாம், எல் என்று இருக்கலாம், 90 என்றும் இருக்கலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அட்டவணையே காட்டாத கடையில் நீச்சல் உடை வாங்க வேண்டாம்.

பேண்ட் அளவை ஏன் நம்பக் கூடாது என்றால், பேண்ட் உடம்பை ஒட்டி நிற்பதில்லை, பெல்ட்டைப் பிடித்து நிற்கிறது. மேலும், 36 என்று அச்சிட்ட பேண்ட்டின் பட்டையைத் தட்டையாக விரித்து டேப் வைத்துப் பார்த்தால் 37, 38 என்று வருவது சாதாரணம், ஏனெனில் தம் இடை பெருத்துவிட்டது என்று வாடிக்கையாளர் வருந்தக் கூடாது என்பதில் கம்பெனிகளுக்குப் பெரும் அக்கறை. ஜட்டியின் அளவும் உதவாது. 85, 90 என்று சென்டிமீட்டர்தான் போட்டிருக்கும் என்றாலும், அது உடம்பின் எந்த இடத்து அளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நீச்சல் உடை தண்ணீரில் நனைந்ததும் தளர்கிறது. கரையில் ‘வசதியாக’ இருக்கும் உடை தண்ணீரில் பெரிதாகிவிடும். நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு என்பதால், சுவரை உதைத்துக் கிளம்பும் அந்த ஒரு கணத்தில், இடுப்புப் பட்டையில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்து துணியைப் பின்னுக்கு இழுக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். நாடா என்பது, சரியான அளவில் இருக்கும் உடை தவறியும் நழுவாமல் இருக்க வைத்த காவல். பெரிய உடையைச் சிறிதாக்கும் கருவி அன்று. நாடாவின் பலத்தில் நிற்கும் உடை உங்களுக்குப் பெரியது, அதில் சந்தேகமே இல்லை.

அளவு எடுக்கும்போது சில கவனங்கள் வேண்டும். காலையில், சாப்பிடுவதற்கு முன், பாதங்களைச் சேர்த்து நின்று, மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல் எடுக்க வேண்டும். டேப் பின்னால் தாழ்ந்துவிடாமல் மட்டமாக இருக்க வேண்டும். பழைய துணி டேப் இழுத்து இழுத்தே நீண்டிருக்கும்; உங்கள் ஊர்த் தையற்காரரிடமே போய், ‘சீட் அளவு மட்டும் எடுங்கள்’ என்று கேட்டுவிடுவது மேல்.

இனி, வயிறு உள்ளவர்களின் சங்கதி. எந்த அட்டவணையும் இதைச் சொல்வதில்லை, கடைக்காரர்களுக்கும் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அட்டவணை போடுகிறவர், இடை சிறுத்து சீட் அதைவிட மூன்று நான்கு அங்குலம் அகன்ற உடம்பை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களை எழுதுகிறார். ஐம்பதைத் தாண்டிய நம்மவர் பலருக்கு அந்தக் கணக்கு தலைகீழ். உங்களுக்கே தொப்புள் மட்டம் 40, சீட் 39. இடைக்கு உரிய பத்தியில் 40-ஐத் தேடினால் அது உங்களை இரண்டு அளவு மேலே கொண்டுபோய் நிறுத்தும். கடைக்காரர் கண்ணாலேயே செய்ததும் அதுதான். ஆனால் நீச்சல் உடை தொப்புளில் நிற்பதில்லை. வேட்டியைத் தொப்புளுக்கு மேலே கட்டிப் பழகிய கை, நீச்சல் உடையையும் அங்கே இழுத்துவிடப் பார்க்கும். இழுத்தால் கவட்டையில் வெட்டும், ஐந்தே நிமிடத்தில் பட்டை சுருண்டு தானாகவே வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். அது வந்து நிற்கும் இடம்தான் அதன் இடம். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி, டேப்பை வைத்து இன்னோர் அளவு எடுங்கள். அது 39-க்குள் இருந்தால் சீட் அளவே முடிவானது. அது சீட்டைவிடக் கூடுதலாக இருந்தால், அதாவது வயிறு பெருத்துப் பின்புறம் வற்றிய உடல்வாகாக இருந்தால், இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டு, பட்டை அகலமாக உள்ள உடையாகப் பார்க்க வேண்டும். பின்புறத்தில் சற்றுத் துணி தொங்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பட்டை சுருளுவதைவிட அது மேல். இன்னொன்றும் உண்டு. நிற்கும்போது சரியாக இருக்கும் பட்டை, குப்புறப் படுத்ததும் வயிறு முன்னே தொங்குவதால் இடம் மாறும். நீங்கள் நீந்துவது குப்புறப் படுத்த நிலையில். ஆகவே புதிய உடையை வீட்டில் முதலில் உடுத்திப் பார்க்கும்போது, கண்ணாடி முன் நின்றதோடு விட்டுவிடாமல், ஒரு பெஞ்சில் குப்புறப் படுத்து, கைகளை மாறி மாறி முன்னே நீட்டிப் பாருங்கள். முன்பக்கப் பட்டை மடிந்தால் அந்த உடை உங்கள் வயிற்றுக்கு ஒத்துவராது; அளவை மாற்றிப் பயனில்லை, வகையை மாற்ற வேண்டும்.

வகைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஜட்டி போன்ற பிரீஃப், தொடையில் சிறிது இறங்கும் சதுர வெட்டு, முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும் ஜாமர் என மூன்று. மூன்றிலும் நீந்தலாம். உங்கள் உடல்வாகுக்குச் சதுர வெட்டையே சொல்வேன். பை வைத்த தொளதொள அரைக்கால் சட்டை வேண்டாம்; பையில் நிறைவது தண்ணீர்.

பயிற்சியாளர் சொன்ன ‘ஓர் அளவு குறைத்து’ என்பது போட்டியாளர்களுக்கான பேச்சு. போட்டி உடையின் இறுக்கம் உடம்பை அழுத்தி வழவழப்பாக்குவதற்கு. இந்த உடைப் பந்தயம் எவ்வளவு தீவிரமானது என்றால், 2009-இல் ரோம் உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் விழுந்து, 2010 தொடக்கத்திலிருந்து, துணியாக நெய்யப்படாத பாலியூரித்தேன் உடைகளைச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் தடைசெய்ய நேர்ந்தது. ஆண்கள் உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். போட்டி உடையைப் பந்தயத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுவார்கள். நீங்கள் முழங்கால் வலிக்காக முக்கால் மணி நேரம் நீந்துகிறவர். தொடையைக் கவ்விப் பிடிக்கும் சிறிய ஜாமரில் காலைத் தாராளமாக மடக்கி உதைக்க முடியாது. வலி எங்கே குறையும்?

தம்மிடமே வாங்கச் சொல்வதில் இருக்கும் இன்னொரு செய்தியை நீங்களும் ஊகித்திருப்பீர்கள். பல குளங்களில் ‘நைலான் உடை கட்டாயம்’ என்ற பலகைக்குக் கீழேயே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். விதி சரியானது, பருத்தித் துணி நூலும் பஞ்சும் விட்டு வடிகட்டியைக் கெடுக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மொத்த விலையில் எடுத்த இரண்டே அளவுகள். உங்களுக்கு எது பொருந்துகிறது என்பதைவிட எது மீந்திருக்கிறது என்பதே அங்கே அளவு. உடையை அங்கேதான் வாங்க வேண்டும் என்று எந்தக் குளமும் வற்புறுத்த முடியாது. பணம் கட்டிய ரசீதைக் காட்டி, விதியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நம் பகுதிக்கென்றே உள்ள இன்னொரு வலை, சிங்கப்பூர் மலேசியா சரக்கு. உறவினர் அன்போடு வாங்கி வருவதைச் சொல்லவில்லை, குருவிகள், அதாவது விற்பதற்கென்றே சரக்கு சுமந்து வரும் பயணிகள், கொண்டுவந்து வீடுவீடாக விற்பதைச் சொல்கிறேன். ஸ்பீடோ, அரீனா என்று பெரிய நீச்சல் உடைக் கம்பெனிகளின் பெயர் இருக்கும். துணியை ஒளிக்கு நேரே விரித்து இழுத்தால் மறுபக்கம் தெரியும். அங்கே எக்ஸ்எல் என்று விற்பது இங்கே எல்லுக்கும் சிறியதாக வரும், சில சமயம் பெரியதாகவும் வரும்; மாற்றித் தர ஆள் அடுத்த பயணத்துக்குத்தான் வருவார். இணையத்தில் வாங்குவதானால், பணம் கட்டும் முன் ‘திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளாடை போலவே நீச்சல் உடைக்கும் அதைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

உள்ளூர்க் கடையிலும் ‘போட்டுப் பார்க்க முடியாது, திருப்பித் தர முடியாது’ என்பார்கள். சுகாதாரம் கருதி அதில் நியாயம் உண்டு. ஆனால் போட்டுப் பார்க்க விடாதவர் அளவையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? ஆயத்த ஆடையைப் பெட்டியின்றித் திறந்து வைத்து விற்றாலும் எஸ், எம், எல் குறியோடு சென்டிமீட்டர் அளவும் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. லேபிளில் அது இல்லாத உடைகள் அலமாரி அலமாரியாகத் தொங்குகின்றன. தராசுக்கு முத்திரை குத்த வருகிற துறை ஆடையின் லேபிளைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. இந்திய உடம்புகளை ஸ்கேனரில் அளந்து நமக்கென்று அளவு வகுக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமும் அறிவித்துப் பல ஆண்டுகள் ஆயிற்று. உலகுக்கெல்லாம் பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூர் ஒரு பகல் தூரம்கூட இல்லை, நாமோ இன்னும் அமெரிக்க ‘எல்’ அளவா, ஆசிய ‘எல்’ அளவா என்று தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

போட்டுப் பார்க்க முடியாத கடையில் செய்யக்கூடியது இதுதான். டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். உடையின் பட்டையைத் தட்டையாக, இழுக்காமல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால், உங்கள் அளவைவிட நான்கைந்து அங்குலம் குறைவாக வரும். அது இயல்பு, அதைப் பார்த்து அஞ்சிப் பெரியதை எடுத்துவிட வேண்டாம். அதே பட்டையை இரு கையாலும் சிரமமில்லாமல் இழுக்கும்போது 39 அங்குலத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும், ஏனெனில் உடுத்தும்போது அது சீட்டைக் கடந்துதானே மேலே வர வேண்டும்.

துணி விவரத்தையும் பாருங்கள். நைலானும், ரப்பர்போல் நீளும் இழையான எலாஸ்டேனும் கலந்தது நன்றாக இழுபடும், ஆனால் குளத்துக் குளோரின் எலாஸ்டேனை அரித்து நாளடைவில் தளர்த்திவிடும். இரண்டு அளவுகளுக்கு நடுவே நீங்கள் இருந்தால் இந்தத் துணியில் சிறியதை எடுக்கலாம். பாலியஸ்டரும், பிபிடி என்ற சற்று இழுபடும் பாலியஸ்டர் வகையும் கலந்தது குளோரினை நன்றாகத் தாங்கும், தினமும் நீந்துகிறவருக்கு அதுவே சிக்கனம். ஆனால் குறைவாகவே இழுபடும், ஆகவே அதில் பெரியதை எடுக்க வேண்டும். எந்தத் துணியானாலும் நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், வளவுத் தாழ்வாரம் போதும்.

வாங்கி வந்த பின், உள்ளே ஜட்டியோடு ஒருமுறை உடுத்தி, குந்தி எழுந்து, முழங்காலை மார்புவரை தூக்கிப் பாருங்கள். குந்தும்போது பின் தையல் வெளுத்துத் தெரிந்தாலோ, கழற்றி அரை மணி நேரத்துக்குப் பின்னும் தொடை இடுக்கில் சிவந்த கோடு நின்றாலோ சிறியது. கால் விளிம்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்து சுற்றி வந்தால் பெரியது. கரையில் சற்று இறுக்கமாகத் தோன்றி, மூச்சு விடவும் நடக்கவும் தடையில்லாமல் இருந்தால் அதுவே சரியானது. தண்ணீரில் இறங்கியதும் அந்த இறுக்கம் போய்விடும்.

அந்த எக்ஸ்எல்லைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டாம். சாதாரணத் தையல் இயந்திரத்தின் நேர்த்தையல் துணியோடு சேர்ந்து நீளாது. முதல் உதையிலேயே நூல் அறுந்துவிடும், அதுவும் குளத்தின் நடுவில். உடையை ஒதுக்கிவிட்டு, நாடாவை மட்டும் உருவி வைத்துக்கொள்ளுங்கள். புதிய உடைகளில் வரும் நாடா பல நேரம் நுனி பிரிந்து உள்ளே ஓடிவிடுகிறது, அப்போது கோத்துக்கொள்ள அது உதவும்.