800 மீட்டர் முச்சந்தி: தடகளக் கேள்வி–பதில்

கேள்வி: 100 மீட்டரில் தொடங்கி மாரத்தான் வரை எல்லாத் தூரத்திலும் உலகத் தரத்தில் ஓடியவர் யாராவது உண்டா?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

இல்லை. உடம்பு அதற்கு இடம் கொடுக்காது. 400 மீட்டரை முழு மூச்சில் ஓடும்போது செலவாகும் சக்தியில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜனை நம்பி வருகிறது. 800 மீட்டரில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1500-ல் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாரத்தானில் கிட்டத்தட்ட எல்லாமே ஆக்சிஜன் கணக்குதான். 100 மீட்டருக்கு வேண்டிய பருத்த, வெடித்துச் சுருங்கும் தசையை இரண்டு மணி நேரம் சுமந்து ஓட முடியாது.

ஆனால் அக்கம்பக்கத்துத் தூரங்களைச் சேர்த்துப் பிடித்தவர்கள் உண்டு. குறுந்தூரத்தில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க்: 100 மீட்டர் 9.94, 200 மீட்டர் 19.84, 400 மீட்டர் 43.03. அடுத்த வாசலில் கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவான்டொரேனா. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்றார்.

வீச்சு என்றால் எங்கள் கணிப்பில் முதல் பெயர் மொராக்கோவின் சயீத் அவ்விட்டா. 800-ல் 1:43.86, 1500-ல் 3:29.46, 5000-ல் 12:58.39, 10,000-ல் 27:26.11. 1500-ம் 5000-ம் அன்றைய உலக சாதனைகள். 5000 மீட்டரை 13 நிமிடத்துக்குள் முடித்த முதல் ஆள் அவர்தான். 1984-ல் 5000 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 1988 சியோலில் 800 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். தங்கத்தைவிட அந்த வெண்கலம்தான் அவருடைய வீச்சைச் சரியாகக் காட்டுகிறது. 5000 மீட்டர் சாம்பியன் ஒருவர் 800 மீட்டர் இறுதிப் போட்டிக்குள் நுழைவதே பெரிய காரியம்.

கேள்வி: ஹுவான்டொரேனா, செபாஸ்டியன் கோ இருவருமே 800 மீட்டரில் உலக சாதனை செய்தவர்கள். ஒருவர் 400 பக்கம் போனார், மற்றவர் 1500 பக்கம் போனார். ஏன்?
(வாசகர், சிவகாசி)

ஒரு தாளும் பேனாவும் போதும். ஹுவான்டொரேனாவின் மாண்ட்ரீல் நேரம் 1:43.50, அதாவது சுற்றுக்குச் சராசரி 51.75 விநாடி. அதே ஒலிம்பிக்கில் அவருடைய 400 மீட்டர் நேரம் 44.26. ஒரு சுற்றுக்கு ஏழரை விநாடி கையிருப்பு. தன்னால் முடிந்த 400 வேகத்தில் 85 சதவீதம் சொச்சத்தில் ஓடியே உலக சாதனை வந்துவிட்டது.

பிரிட்டனின் கோ 1981-ல் ஃபுளோரன்ஸில் ஓடியது 1:41.73. சுற்றுக்கு 50.87. தனிப் போட்டியில் அவருடைய சிறந்த 400 நேரமோ 46.87தான். கையிருப்பு நான்கே விநாடி. தன் வேகத்தில் 92 சதவீதத்தை இரண்டு சுற்றும் விடாமல் பிடித்திருக்கிறார். முதலாமவரிடம் இருந்தது வேகம், இரண்டாமவரிடம் இருந்தது அந்த வேகத்தை விடாத பிடிமானம். பிடிமானம் உள்ளவருக்கு 1500 திறக்கும். கோ 1980, 1984 இரண்டு ஒலிம்பிக்கிலும் 1500-ல் தங்கம் வென்றார். வேகக் கையிருப்பு உள்ளவருக்கு 400 திறக்கும். 800 மீட்டர் முச்சந்தி மாதிரி. வெவ்வேறு தெருவிலிருந்து வருகிறவர்கள் அங்கே சந்தித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: அந்த மாண்ட்ரீல் ஓட்டத்தில் இந்தியர் ஒருவர் ஓடினாராமே?
(வாசகர், வேலூர்)

ஓடினார். ஸ்ரீராம் சிங். 800 மீட்டர் இறுதிப் போட்டியில் முதல் சுற்றை வேகமாக இழுத்துச் சென்றவர்களில் அவர் முக்கியமானவர். ஏழாவதாக வந்தார், நேரம் 1:45.77. அந்த இந்திய சாதனை 2018 வரை நின்றது. 1:45.65 ஓடி அதை முறியடித்த ஜின்சன் ஜான்சன், அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 1500-ல் தங்கமும் 800-ல் வெள்ளியும் வாங்கினார்.

கேள்வி: என் மாணவனுக்கு 16 வயது. 400 மீட்டர் 54 விநாடி, 800 மீட்டர் 2:06. எந்தத் தூரத்துக்குத் தயார் செய்வது?
(உடற்கல்வி ஆசிரியர், ஒட்டன்சத்திரம்)

முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள். கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் நேரம் என்றால் 400-க்கு 0.14 விநாடி, 100, 200-க்கு 0.24 விநாடி கூட்டினால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட முடியும். தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்தாமல் சத்தம் கேட்டு அழுத்தியிருந்தால் இன்னும் பிசகும்.

800 நேரத்திலிருந்து 400 நேரத்தின் இரு மடங்கைக் கழியுங்கள். உங்கள் மாணவனுக்கு 126 − 108 = 18 விநாடி. கோவுக்கு இது 8, ஹுவான்டொரேனாவுக்கு 15. 18 வந்தால் "இவன் 400-க்குத்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மூச்சுப் பிடிமானம் இன்னும் வளராத பையனுக்கும் இதே 18 வரும்.

ஆகவே இரண்டு சோதனை வையுங்கள், இடையில் இரண்டு நாள் விட்டு. முதலாவது உச்ச வேகம். 30 மீட்டர் ஓடி வந்து வேகம் பிடிக்கட்டும், அடுத்த 30 மீட்டரை மட்டும் அளங்கள். இரண்டு முனையிலும் கம்பு நட்டு, பக்கவாட்டில் நின்று செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் ஸ்டாப்வாட்சைவிடத் துல்லியம். மூன்று முறை ஓடட்டும், நடுவே ஐந்து நிமிட ஓய்வு. சிறந்த நேரம் 3.6 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 8.33 மீட்டர். இரண்டாவது, ஆறு நிமிடத்தில் முடிந்த அளவு தூரம். 1,740 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 4.83 மீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.72.

உலகத் தர ஆண் ஓட்டக்காரர்களிடம் இந்த எண் 1.58-ம் அதற்கு மேலும் இருந்தால் 400–800 ரகம், 1.48-லிருந்து 1.57 வரை தனி 800 ரகம், அதற்குக் கீழே 800–1500 ரகம். பள்ளிப் பையனுக்கு இதை அப்படியே ஒட்டாதீர்கள். மேலே உள்ள எண்ணான உச்ச வேகம் மெதுவாகத்தான் நகரும், கீழே உள்ள எண்ணான ஆறு நிமிட வேகம் பயிற்சியில் சீக்கிரம் ஏறும். 12 வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். 1.72 மளமளவென்று 1.6 பக்கம் இறங்கினால் 800 வைக்கலாம். அசையவே இல்லையென்றால் 400-ல் விடுங்கள்.

அந்த 12 வாரத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் போதும். திங்களும் வெள்ளியும் 35 நிமிட மெதுவோட்டம், கூட ஓடுபவனோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். செவ்வாய் மேட்டில் 8 விநாடி முழு வேகம், ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் பின் நடந்து இறங்கி மூன்று நிமிடம் ஓய்வு. வியாழன் 200 மீட்டர் எட்டு, ஒவ்வொன்றும் 31–32 விநாடி, நடுவே இரண்டு நிமிடம். சனி 50 நிமிட நீண்ட ஓட்டம், மண் பாதையில். கான்கிரீட் ரோட்டில் வேண்டாம், முன்கால் எலும்பு வலி அங்கேதான் தொடங்கும்.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மெதுவோட்ட நாளைப் பையன்கள் போட்டியாக்கிவிடுவார்கள். வியாழக்கிழமை கால் எழாது. மற்றது கோச் செய்யும் தவறு: மூச்சை வளர்க்கிறோம் என்று செவ்வாய்க்கிழமை மேட்டோட்டத்தை நிறுத்திவிடுவது. 16 வயதில் வேகத்தைக் கைவிட்டால் பிறகு திரும்பப் பெறுவது கடினம். தூரத்தை 20 வயதிலும் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2:06 ஓடும் பையன் பெரும்பாலும் முதல் சுற்றை 58-ல் போய் இரண்டாவதில் 68 ஆகித் தள்ளாடுவான். முதல் 200-ஐ 30 விநாடிக்குக் கீழே ஓடவிடாமல் பழக்குங்கள். 61, 63 என்று ஓடினால் அதே உடம்பில் 2:04 இருக்கிறது.

கேள்வி: மாவட்டப் போட்டியில் காலை 9 மணிக்கு 400, 11 மணிக்கு 1500. இரண்டும் ஓடலாமா?
(பள்ளி மாணவி, தர்மபுரி)

ஓடலாம். 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் பாவோ நுர்மி சுமார் ஒரு மணி நேர இடைவெளியில் 1500, 5000 இரண்டு தங்கமும் வென்றார். 400 முடிந்ததும் தரையில் விழுந்து கிடக்கக் கூடாது. மூன்று நிமிடம் நடந்துவிட்டுப் பத்து நிமிடம் மெல்ல ஓடுங்கள், முழு மூச்சில் ஓடியதால் இரத்தத்தில் சேர்ந்த லாக்டேட் சீக்கிரம் இறங்கும். ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்டக் காலணி) கழற்றுங்கள், கெண்டைக்கால் தளரட்டும். அரை மணிக்குள் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாக ஓ.ஆர்.எஸ். கரைசல். பொங்கல், வடை எல்லாம் மாலைக்கு. பிறகு நிழல். 10.35-க்கு எட்டு நிமிட மெதுவோட்டம், 80 மீட்டர் நடுவேகத்தில் மூன்று. முழு வார்ம்அப்பைத் திரும்பச் செய்வது வீண்.

ஆபத்து 1500-ன் தொடக்கத்தில் இருக்கிறது. 400 ஓடிய காலுக்கு எந்த வேகமும் மெதுவாகத் தோன்றும். 5 நிமிடத்தில் முடிக்க நினைத்தால் சுற்றுக்கு 80 விநாடி. முடிவுக் கோட்டை முதன்முறை தாண்டும்போது 300 மீட்டர் ஆகியிருக்கும், அப்போது கடிகாரம் 60 காட்ட வேண்டும். 54 காட்டினால் மூன்றாவது சுற்றில் அதற்கு விலை கொடுப்பீர்கள்.

கேள்வி: மாரத்தான் ஓடுபவருக்கு 1500-ன் வேகம் எதற்கு? சிஃபான் ஹசனுக்கு அது எப்படி உதவியது?
(வாசகி, கோயம்புத்தூர்)

நெதர்லாந்தின் ஹசன் 1500-ஐ 3:51.95-ல் ஓடியவர், 400 மீட்டர் சுற்றுக்கு 62 விநாடிக்குச் சற்றுக் கீழே. 2023 சிகாகோ மாரத்தானில் 2:13:44, சுற்றுக்கு 76 விநாடி. மேடு பள்ளமான 2024 பாரீஸ் ஒலிம்பிக் பாதையில் 2:22:55, சுற்றுக்கு 81 விநாடி. மற்றவர்கள் தங்கள் எல்லையை நெருங்கும் வேகத்தில் அவரிடம் இருபது விநாடி கையிருப்பு இருக்கிறது. கடைசி வரை தசையில் சர்க்கரை மிச்சம் இருந்தால்தான் அந்தக் கையிருப்பு உதவும். அதனால்தான் அவர் முன்னணிக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, யாராவது வேகம் கூட்டினாலும் பதறாமல் மெல்ல இடைவெளியை மூடுகிறார். 2023 லண்டனில் இடுப்பு வலியால் நின்று கால் நீட்டிப் பிடித்துவிட்டுக்கூடப் பின்னர் கூட்டத்தை எட்டிப் பிடித்து வென்றார்.

பாரீஸில் 5000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வாங்கி, 5000 தகுதிச் சுற்றையும் சேர்த்து 20 கிலோமீட்டர் ஓடிய கால்களோடுதான் மாரத்தானுக்கு வந்தார். 10,000 மீட்டர் இறுதி நடந்து இரண்டு இரவுகூட முழுதாக ஓய்வில்லை. கடைசியில் அவரோடு மோதி மூன்று விநாடியில் தோற்ற எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா, 2:11:53 ஓடி உலக சாதனை செய்தவர். அவரும் டிராக்கிலிருந்து வந்தவர்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அசெஃபா ஓடியது 800 மீட்டர்.