பத்தரை மணி அப்பாயின்ட்மென்ட், இரண்டு மணி வரை காத்திருப்பு: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் வலி. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆப்பில் எலும்பு மருத்துவரைப் பார்க்க 10.30 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டு, 800 ரூபாயும் கட்டிவிட்டேன். பத்து மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஆபரேஷன் முடித்து டாக்டர் வந்ததே பன்னிரண்டு மணிக்கு. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் உள்ளே போனார்கள். இரண்டு மணிக்கு, "டாக்டர் கிளம்பிட்டார், நாளைக்கு வாங்க" என்றார்கள். பணத்தைக் கேட்டால், ஆப்பில் கட்டினால் ரீஃபண்ட் கிடையாது என்று போட்டிருக்கிறதாம். விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகி, திருச்சி

பதில்: விட வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, டாக்டர் தாமதமாக வந்தது. அவசர ஆபரேஷன் யாருக்கும் வரலாம். அதை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் எடுபடாது. இன்னொன்று, பணம் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கவே விடாமல் அனுப்பியது. உங்கள் வழக்கு இதுதான்.

காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இப்போதுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. "ரீஃபண்ட் கிடையாது" என்று சுவரில் ஒட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. இணையவழி வணிகத்துக்கு 2020-இல் வந்த விதிகளும் உங்களுக்குக் கைகொடுக்கும். நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்றால்தான், ரத்து செய்யும் வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம். புகார் வந்த 48 மணி நேரத்தில் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும்.

இதை ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் வாதாடிப் பயனில்லை. டாக்டர் எப்போது வருவார் என்பது அவருக்கும் தெரியாது, ரீஃபண்ட் கொடுக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. திட்டு வாங்குவதற்கென்றே அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். மருத்துவமனை மேலாளருக்கும் ஆப்பில் உள்ள குறைதீர்ப்பு முகவரிக்கும் மெயில் போடுங்கள். பில் எண், அப்பாயின்ட்மென்ட் வந்த எஸ்எம்எஸ், எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்பது, அப்புறம் கேட்கும் தொகை. நாலு வரி போதும். பதில் வராவிட்டால் 1915-க்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் நீதிமன்றம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். 800 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 800 ரூபாய்க்காக அவ்வளவு அலைவீர்களா என்பது உங்கள் பாடு.

பின்னால் வந்தவர்கள் எப்படி முன்னால் போனார்கள்? பல இடங்களில் ஆப் காட்டும் நேரம் வேறு, உள்ளே ஓடும் வரிசை வேறு. 10.30 என்று பலருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பில்லை ஓபி நர்ஸிடம் கொடுத்து, எடையும் பிபியும் பார்த்து, ஃபைல் டாக்டர் மேஜைக்குப் போனால்தான் வரிசையில் சேர்ந்த கணக்கு. அதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கணக்கிலேயே வராது. அடுத்த முறை போனதும் "ஃபைல் உள்ளே போய்விட்டதா, என் டோக்கன் எத்தனை?" என்று கேளுங்கள். கிளம்பும் முன் கால் சென்டருக்குப் போன் செய்யாதீர்கள். அவர்களுக்குத் திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும். அந்த ஓபி மேஜையின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வந்துவிட்டாரா என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: ஏழு நாளுக்குள் ரிவ்யூ வந்தால் ஃபீஸ் இல்லை என்றார்கள். ஏழாம் நாள் டாக்டர் லீவு. எட்டாம் நாள் போனால் முழுக் கட்டணம் கேட்கிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: லீவு போட்டது அவர்கள். ஏழாம் நாளே போனீர்கள் என்பதற்கு எஸ்எம்எஸ்ஸோ, பில்லின் பின்னால் ரிசப்ஷனில் எழுதி வாங்கிய ஒரு வரியோ இருந்தால் மேலாளரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எதுவும் இல்லாமல் போய் நின்றால் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இல்லாவிட்டால் ஓபி சீட்டு தர மாட்டோம் என்று சொல்லலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: சொல்லக் கூடாது. அந்த எண் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வது. அதை வைத்து, போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சீட்டு வாங்கினால் பெயர், வயது சொல்லிக்கொண்டு நிற்கும் நேரம் மிச்சம், அவ்வளவுதான். மறுத்தால், பணியில் இருக்கும் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.