வீட்டுக்கு வரும் நர்ஸிடம் கேளுங்கள்: மார்பின், படுக்கைப் புண், குளுக்கோஸ் பாட்டில்

பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது உங்கள் டாக்டரின் வேலை.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். மார்பின் 10 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறார்கள். பழகிவிடும் என்று பயந்து, வலித்தால் மட்டும் தருகிறோம்.

பதில்: வலித்த பிறகு கொடுத்தால், மாத்திரை வேலை செய்யும்வரை அவர் துடிப்பார். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்னபடி தரும்போது போதைக்கு அடிமையாவது அபூர்வம். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் குறையும். குறையாதது மலச்சிக்கல்தான். அதனால் மார்பின் என்றாலே கூடவே மலமிளக்கி. சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எழுப்பியும் எழாத மயக்கம் வந்தால், மூச்சு ரொம்ப மெதுவானால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மார்பின் இல்லை என்கிறார்கள்.

பதில்: இருக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி அப்படி. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக் கொடுக்கலாம். புற்றுநோய் மையங்களின் வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். மலமிளக்கி எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

கேள்வி: பாட்டிக்கு இடுப்பெலும்பு மேல் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா?

பதில்: சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். வாட்டர் பெட் வாங்கினாலும் திருப்பத்தான் வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டாம்.

கேள்வி: மார்பின் கொடுத்தால் அம்மா அடிமையாகிவிடுவாரா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மாமியார் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கடைசிக் கட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏற்றலாமே? பட்டினி போட்டோம் என்று ஊர் பேசாதா?

பதில்: 500 மில்லி பாட்டிலில், 5 சதவீதக் குளுக்கோஸ் என்றால் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு வாழைப்பழத்தின் சத்து. அவர் உயிர் பிரிவது சாப்பிடாததால் அல்ல. உடம்பு அடங்குவதால் பசி போய்விட்டது. இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நேரத்தில் ஏற்றும் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் போய்த் தேங்கலாம். போன மாதம் ஒரு வீட்டில் கொசுவலைக் கம்பியில் பாட்டில் தொங்கியது. ஆறு இடத்தில் குத்தியதில் புறங்கை கருநீலம். ஊசி நழுவிவிடும் என்று யாரும் அந்தக் கையைத் தொடவே இல்லை. கழற்றியதும்தான் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாய் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து உதட்டில் ஒற்றுங்கள்.

இன்னொருவர் குறுக்கிட்டு: இது கைகழுவுகிற பேச்சு. என் மாமாவுக்குப் பாட்டில் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தார்!

பதில்: அதற்கு முன் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா?

அவர்: இரண்டு நாள் வயிற்றுப்போக்கு.

பதில்: அப்படியானால் ஏற்றியது சரி. நீர் வற்றியவருக்குத் தண்ணீர் தேவை. நான் சொன்னது உயிர் அடங்குகிறவரைப் பற்றி. எது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

அதே மருமகள்: சரி சிஸ்டர், நாத்தனாரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: பஞ்சை அவர் கையில் கொடுங்கள். செய்ய ஒரு வேலை இருந்தால் பாட்டில் கேட்க மாட்டார்.

கேள்வி: வீட்டுக்கு வந்து பார்க்க யாரை அணுகுவது?

பதில்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவு சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கேள்வி: மார்பின் போதை...

பதில்: மேலே இரண்டு முறை இருக்கிறது, தம்பி.

கேள்வி: மார்பின் ஆரம்பித்து ஆறு நாள். அப்பாவுக்கு ஐந்து நாளாக மலம் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. மாத்திரை அதிகமாக இருக்கிறதே என்று ஒன்றை நிறுத்திவிட்டோம்.

பதில்: எதை நிறுத்தினீர்கள் என்று கேட்கவே வேண்டாம். மார்பினையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் எனிமா முயற்சி வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தியும் இருந்தால் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.