மனு எங்கே போச்சு? (வாசகர் கேள்வி-பதில்)

31 வருஷம் ஒரு மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். தொண்டு அமைப்புகள் மாநகராட்சியிடம் காரியம் சாதிப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதம் வந்திருக்கிறது. முடிந்ததை எடுத்திருக்கிறேன்.

*

"நாங்கள் எட்டுப் பெண்கள். ஞாயிறுதோறும் எங்கள் வார்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்த்து, உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கே நர்ஸ் வர ஏற்பாடு செய்யுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. 'ஆவன செய்யப்படும்' என்று ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. எங்கே தப்பு செய்கிறோம் அம்மா?" — ஒரு வாசகி, வடசென்னை

மனுவின் நகலையும் வைத்திருந்தீர்கள், படித்தேன். இரண்டரைப் பக்கம். 'கருணை உள்ளத்தோடு' நாலு இடத்தில் வருகிறது. எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எழுத்தரை நினைத்துப் பாருங்கள். தபாலில் எண் போட்டு மனு அவர் மேஜைக்கு வருகிறது. அவர் அதன்மேல் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். யாருக்கு, எந்தத் தெருவில், எந்தத் திட்டத்தில், பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் என்று அவர் கண் தேடும். கிடைக்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி இன்னொரு மேஜைக்குத் தள்ளுவது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கருணைக்கு நம் பட்ஜெட் புத்தகத்தில் கணக்குத் தலைப்பு கிடையாது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'போன ஆடியிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வைக்கிறோம்.' அம்மா, அந்த நோட்டுதான் மனு! அதை எடுங்கள். தெரு, வயது, படுத்து எத்தனை மாதம், முதுகில் புண் உண்டா, சிறுநீர் டியூப் கடைசியாக மாற்றிய தேதி, யார் மாற்றினார்கள் என்று கட்டம் கட்டுங்கள். கடைசியில் ஒரு கட்டம் என் வேண்டுகோளுக்காக: ஆட்டோ காசு. டியூப் மாற்ற ஒரு பெரியவரை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவுக்கு என்ன ஆனது, கூடப் போன மகன் எத்தனை நாள் கூலியை விட்டான் என்று எழுதுங்கள். 'மிகவும் சிரமப்படுகிறார்கள்' என்ற வரியை அதிகாரி தாண்டிப் போய்விடுவார். 'தேதி தாண்டி இருபது நாள், மாற்ற ஆள் இல்லை' என்பதைத் தாண்ட முடியாது. நாளைக்கு அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாள் தன் மேஜையில் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

பெயர்கள் நோட்டிலேயே இருக்கட்டும். மனுவில் 1, 2, 3 என்று எண் போட்டால் போதும். நோயாளியின் பெயர் பத்து மேஜை சுற்றக் கூடாது.

இன்னொன்று. நீங்கள் புதிதாக ஒரு திட்டம் தொடங்கச் சொல்லிக் கேட்கிறீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ம் தேதியே தொடங்கிவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் இல்லை, படுத்திருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் (வலியையும் அவதியையும் குறைக்கிற பராமரிப்பு) இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீட்டுக்கே வர வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே, 'இந்தத் திட்டத்தின் கீழ், எங்கள் வார்டில் இந்தத் தெருக்களில், இத்தனை பேருக்கு, நோய் ஆதரவு சிகிச்சை வந்து சேரவில்லை' என்று எழுதுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்க எங்களுக்குப் பயம். இருப்பது ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் அதைவிடப் பயம்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மாமன்றத்துக்கு வரும். தொண்டு அமைப்புகள் அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஏப்ரலில் ஓடிவருவார்கள். வீடு கட்டி முடித்தபிறகு ஜன்னல் கேட்கிற மாதிரி. துறைகளிடம் மதிப்பீடு கேட்பது அதற்குச் சில மாதம் முன்னால். தீபாவளிப் பட்டாசுக் குப்பை அள்ளி முடிப்பதற்குள் உங்கள் தாள், சுகாதாரப் பிரிவின் தலைவரான மாநகர நல அலுவலரின் மேஜையில் இருக்க வேண்டும்.

*

"கவுன்சிலரைப் பார்ப்பதா, ஆணையரைப் பார்ப்பதா?" — ஒரு வாசகர், திருச்சி

நல அலுவலரை முதலில். அவர் குறிப்பு எழுதாமல் ஆணையர் கையெழுத்துப் போட மாட்டார். கவுன்சிலரிடம் அதே தாளின் நகலைக் கொடுத்து, மாமன்றத்தில் ஒரு கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் தர வேண்டி வந்தால் பிரிவே ஒரு நாள் பரபரக்கும். அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பதிலை எழுதுவதற்காகத்தான் பல கோப்புகளை நாங்கள் முதல்முறையாகப் படித்தோம்.

*

"தொண்டு செய்கிறவர்கள் அரசின் கொள்கையையே மாற்றியதாக எங்காவது உண்டா? சும்மா நம்பிக்கை தருவதற்காகச் சொல்லாதீர்கள்." — ஒரு வாசகர், கோவை

உங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டைத் தாண்டிப் போனால் போதும்.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றி வலியில் துடிக்கிறவர்களுக்கு வலி நிவாரணம். முதலில் ஒரு சின்னப் புறநோயாளிப் பிரிவுதான். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புரிந்தது: ரொம்ப வலியில் இருக்கிறவரால் பஸ் ஏறி கோழிக்கோட்டுக்கு வர முடியாது. அப்படியானால் சிகிச்சைதான் அவர் தெருவுக்குப் போக வேண்டும். 1999-லிருந்து மலப்புறத்தைச் சுற்றி அக்கம்பக்கத்து மக்களையே சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர், டிரைவர், கடைக்காரர், மாணவர்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் தந்தால் போதும். செலவுக்கு உள்ளூரிலேயே பத்தும் இருபதுமாகச் சேர்த்தார்கள்.

இதில் மாநகராட்சிக்காரியான எனக்குப் பிடித்த இடம் வேறு. கேரளத்தில் 1996-லிருந்து மாநிலத் திட்டப் பணத்தில் கணிசமான பங்கு பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் நேராகப் போனது. எதில் செலவழிப்பது என்பதை உள்ளூரிலேயே கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர், முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் புண் துடைத்துவிட்டு வந்தவர்கள். 'நம் வார்டில் இத்தனை பேர்' என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னவர்கள். தலைவர் யார் மறுப்பார்? அடுத்த தேர்தலில் அதே வாசல்படிதானே ஏற வேண்டும்! 2008-ல் கேரள அரசு நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது, இந்தியாவில் முதல் மாநிலமாக. அதன்பின் உள்ளாட்சிகள் நர்ஸை வைத்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தன. பதினைந்து வருஷம் ஆயிற்று என்பதையும் கவனியுங்கள்.

அப்படியே பெயர்த்தெடுத்து நம்மூரில் நட முடியாது. நம் மாநகராட்சிகள் கையில் அத்தனை திட்டப் பணம் இல்லை, பாதி முடிவு கோட்டையில். ஆனால் வார்டு குழுவும் பகுதி சபாவும் (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) இப்போது சட்டப்படி இங்கேயும் உண்டு. நான் பார்த்த பகுதி சபாக்களில் தெருவிளக்கு, சாக்கடை, நாய் இந்த மூன்றும்தான் பேசினார்கள். படுத்திருக்கிறவரால் கூட்டத்துக்கு வர முடியாதே. அவருக்காக நோட்டோடு போய் உட்கார ஆள் வேண்டும்.

*

"பட்ஜெட்டில் ஒதுக்குவதாகச் சொல்கிறார்கள். செலவழித்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" — ஒரு மாணவி, மதுரை

பட்ஜெட் புத்தகத்தை விரித்தால் இந்த ஆண்டு மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் போன ஆண்டின் 'திருத்திய மதிப்பீடு' என்று ஒரு பத்தி இருக்கும். கண் போக வேண்டியது அங்கே. போன வருஷம் பத்து என்று அறிவித்தது அங்கே மூன்றாகச் சுருங்கியிருந்தால் மீதிக் கதை உங்களுக்கே புரியும். புத்தகத்தில் தெளிவாக இல்லையென்றால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், 30 நாள். 'ஏன் செலவழிக்கவில்லை' என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்பது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவோம். 'செலவினப் பதிவேட்டின் நகல்' என்று கேளுங்கள்.

*

"நாங்கள் வீடற்றவர்களுக்காக வேலை செய்கிறோம். மாநகராட்சி தன் காப்பகத்தை எங்களையே நடத்தச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அப்புறம் எதிர்த்துப் பேச முடியுமா?" — ஒரு சிறிய அமைப்பின் செயலாளர்

நல்ல கேள்வி, கசப்பான கேள்வியும்கூட.

பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு அமைப்பு என்பதுதான் பல ஊர்களில் ஏற்பாடு. பணம் தவணையாக வரும், தவணை தாமதமாக வரும். எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பு நாலு மாதம் மளிகைக் கடையில் கடன் சொல்லிக் காப்பகத்துக்குச் சோறு போட்டது. (எங்கள் பிரிவில்தான் அந்தப் பில் தூங்கியது.) அந்த நாலு மாதமும் அவர்கள் வாய் திறக்கவில்லை. தவணையைக் கேட்கப் போகிறவர், கழிவறைக் கதவு உடைந்திருப்பதை எப்படிச் சத்தமாகச் சொல்வார்?

அதற்காக ஒதுங்கிவிடவும் சொல்ல மாட்டேன். சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய 'தி பேனியன்' தெருவில் திரிந்த மனநலம் குன்றிய பெண்களை அழைத்துவந்து வைத்தியம் பார்த்தது. இத்தனை வருஷம் செய்து காட்டியதால்தான் 2018 வாக்கில் அரசு, மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்களுக்கு அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் தொடங்கியபோது பேனியனுக்கும் அதில் இடம் இருந்தது. செய்து காட்டியவர் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

என் யோசனை: கையெழுத்துப் போடுங்கள், ஆனால் உங்கள் மொத்த வரவில் மாநகராட்சிப் பணம் பாதியைத் தாண்ட விடாதீர்கள். காப்பகத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். ஒப்பந்தம் கேட்காத பதிவேடு அது. உள்ளே இருக்கிறவர்கள் எண்ணிக்கையை மாநகராட்சி வாங்கிக்கொள்ளும். வெளியே நின்றவர்கள் எண்ணிக்கை உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

*

"நோயாளியின் படத்தோடு பத்திரிகையில் செய்தி வந்தால் சீக்கிரம் நடக்குமா?" — ஒரு வாசகர், ஈரோடு

அந்த ஒருவருக்கு மட்டும் நடக்கும். மறுநாள் காலையே வண்டி போகும், அலுவலர் பழத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். அடுத்த வீட்டில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் மாறாது. புண்ணைப் படம் எடுக்கிறவர்கள், அது தன் அம்மாவாக இருந்தால் எடுப்போமா என்று ஒரு நிமிஷம் நினைக்கட்டும்.

*

"இவ்வளவு பேசுகிறீர்களே, அந்த நாற்காலியில் இருந்தபோது நீங்கள் எத்தனை மனுவைத் தூக்கிப் போட்டீர்கள்?" — பெயர் போடாத கடிதம்

பெயர் போட்டிருந்தால் நேரில் வந்து காபி கொடுத்திருப்பேன். எண்ணிக்கை தெரியாது, ஒன்று மட்டும் மறக்கவில்லை.

டீக்கடை மாடியில் ஓர் அறையில் நடந்த சின்ன அமைப்பு. கோடு போட்ட தாளில் ஒன்பது வரி. கட்டட வேலை, வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புகிறார்கள், சுகாதார நிலையம் அதற்குள் மூடிவிடுகிறது, மாலையிலும் திறந்தால் நல்லது. இணைப்பு இல்லை, கணக்கு இல்லை. 'எல்.டிஸ்.' என்று எழுதி முடித்துவிட்டேன். வெளி ஆட்களுக்கு அது புரியாது: ஓராண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று அர்த்தம்.

ஒன்றரை வருஷம் கழித்து அதே ஆள் வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெண்களை, வாசலிலேயே உட்கார்ந்து மூன்று மாதம் எண்ணியிருக்கிறார். கைப்பிள்ளையோடு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு கோடு. "போன மனு என்னம்மா ஆச்சு?" என்றார். பதிவறைக்குப் போய்த் தேடுகிற மாதிரி நடந்து, திரும்பி வந்து, "கிடைக்கலை சார்" என்றேன்.

"பரவால்லம்மா" என்று பையிலிருந்து கார்பன் நகலை எடுத்து நீட்டினார். மேலே எங்கள் அலுவலகத்து உருண்டை முத்திரை, தேதியோடு. தபாலில் வாங்கியது என் கையெழுத்து.

அன்றைக்கே புதுக் கோப்பு போட்டுக் குறிப்பு எழுதினேன். கவுன்சிலர்களின் நிலைக்குழுவுக்குப் போய், தீர்மானமாகி, மாலை நேரம் வர ஏழு மாதம் பிடித்தது. கோப்பின் முதல் தாளாக அந்தக் கார்பன் நகலை நான்தான் வைத்துத் தைத்தேன்.