நீலகிரியில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் தனியாகவே சுற்றினார்களாமே, இப்போது ஏன் விடுவதில்லை?

பெற்றோருக்குப் பயம் கூடிவிட்டது என்பது பாதிப் பதில்தான். 1980களில் கோத்தகிரிப் பக்கம் நாங்கள் கூட்டமாகத் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில்தான் பள்ளிக்கு நடப்போம். வழியில் தவிட்டுப்பழம் பறித்துத் தின்றால் நாக்கெல்லாம் ஊதாவாகிவிடும். வீட்டில் அதைப் பார்த்தே திட்டு விழும்.

அப்புறம் 1990களின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை விழுந்தது. பல குடும்பங்கள் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டன. கவாத்து செய்யாமல் கிடந்த தோட்டங்களில் உண்ணிச்செடி மண்டியது. கரடிக்கும் சிறுத்தைக்கும் ஒளிய அது போதாதா? காட்டெருமை இன்று ஊருக்குள்ளேயே நின்று மேய்கிறது. துணைக்கு நடக்கப் பிள்ளைகளும் குறைவு. இதில் யார் தனியாக அனுப்புவார்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சுதந்திரத்தை யாரும் யோசித்துக் கொடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான். அதிலும் அது பெரும்பாலும் பையன்களுக்கு. வீட்டுக்கு மூத்த பெண் என்றால் பள்ளி விட்டதும் தண்ணீர், விறகு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை என்று வேலை காத்திருக்கும்.