மழைத் தண்ணியை எங்கே நிறுத்துவது? சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்கள் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். நான் சிங்கப்பூரில் வடிகால் வடிவமைப்பு வேலை பார்க்கும் பொறியாளர். சைட்டில் மழைநீர் சம்பந்தமான சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்க சைட் 0.3 ஹெக்டேர். மழைநீர்த் தொட்டி கட்டியே ஆகணும்னு இன்ஜினியர் சொல்றார். ரெண்டு கார் நிறுத்துற இடம் போகுதேன்னு முதலாளிக்கு வருத்தம். தொட்டி கட்டாயமா? – துவாஸ் சூப்பர்வைசர்

வெளியேறும் தண்ணீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கட்டாயம், தம்பி. 2014 ஜனவரியிலிருந்து, 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள வீட்டு, வணிக, தொழில், நிறுவன வளாகங்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. புதிதாகக் கட்டினாலும் இடித்துக் கட்டினாலும் பொருந்தும். மழைநீரைத் தேக்கி மெல்ல வெளியே விடும் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. தேக்கக் குளம், மழைத் தோட்டம், கூரைத் தோட்டம் என்று கலந்தும் செய்யலாம். இடம் நெருக்கமான சைட்டில் கடைசியில் தொட்டியில்தான் வந்து நிற்கும்.

முதலாளியிடம் 2010 ஜூன் 16 பற்றிச் சொல்லிப் பாருங்கள். அன்று காலை இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மிமீ மழை கொட்டி, ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நகரம் முழுக்கக் கான்கிரீட் ஆன பிறகு, கால்வாயை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே போக முடியாது. ஆர்ச்சர்ட் சாலைப் பகுதித் தண்ணீரைக் கொண்டுபோகும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் பாரத்தைக் குறைக்க அரசாங்கமே பூமலை (தாவரவியல் பூங்கா) அருகில் நிலத்துக்கடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத் தொட்டி கட்டி 2018-இல் முடித்தது. அரசாங்கம் பெரிய அளவில் செய்ததைத்தான் உங்கள் முதலாளியிடம் சின்ன அளவில் கேட்கிறார்கள்.

இந்த விதியில் வரும் 0.55 என்ற எண்ணை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது? பாடத்தில் படித்தது சைட்டில் கைகொடுக்கவில்லை. – புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்

நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 0.55 என்பது வழிந்தோடும் விகிதம். பெய்த மழையில் எவ்வளவு பங்கு ஓடி வடிகாலுக்கு வருகிறது என்பதை அது சொல்லும். முழுக்கத் தளம் போட்ட இடத்துக்கு 1.0. நெருக்கமாகக் கட்டடம் எழுந்த இடத்துக்கு 0.9. பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையிலும், விகிதம் 0.55 ஆக இருந்தால் எவ்வளவு வெளியே போகுமோ, அதற்கு மேல் உங்கள் வளாகம் பொது வடிகாலுக்குள் விடக்கூடாது.

0.5 ஹெக்டேர் நிலம், விகிதம் 0.9, மழை மணிக்கு 200 மிமீ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, அலகு மாற்றத்துக்காக 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.25 கன மீட்டர். 0.55 வைத்துப் போட்டால் 0.153. வித்தியாசம் நொடிக்கு 97 லிட்டர். இதே நிலை பத்து நிமிடம் நீடித்தால் 58 கன மீட்டர் தண்ணீரை நீங்கள் உள்ளே பிடித்து வைத்தாக வேண்டும்.

அந்த 58-ஐயே தொட்டியின் கொள்ளளவாக எழுதிவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். குறைந்த நேரக் கடும் மழைதான் மோசம் என்று நினைப்போம். ஆனால் தொட்டியை நிரப்புவது பெரும்பாலும் சற்று மிதமாக, நீண்ட நேரம் பெய்யும் மழை. அதனால் பல கால அளவுகளுக்குப் போட்டுப் பார்த்து, அதிகம் கேட்பதை எடுங்கள். இன்னொன்று, வெளியேற்றும் துளையில் தண்ணீர் போகும் வேகம் தொட்டியில் உள்ள நீர்மட்டத்தைப் பொறுத்தது. அனுமதித்த அளவு தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் போகும், பாதித் தொட்டியில் அதைவிடக் குறைவாகத்தான் போகும். ஆகவே எளிய கணக்கில் வருவதைவிடக் கொள்ளளவு கூடுதலாகவே தேவைப்படும்.

தொட்டியின் அடிமட்டம் வெளி வடிகாலைவிட மேலே இருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள். மேலே இருந்தால் தானாக வடியும். கீழே போய்விட்டால் பம்பு, அதற்கு மின்சாரம், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு என்று கட்டடம் இருக்கும் வரை செலவு. கட்டட வரைபடம் முடிந்த பிறகு வடிகால் பொறியாளரைக் கூப்பிடுவதால்தான் பாதி பம்புகள் வருகின்றன என்பது என் அனுபவம்.

தேங்கும் தண்ணியைச் செடிக்கு ஊற்றலாமா? வீணாகத்தானே போகிறது?

ஊற்றலாம், ஆனால் அதற்குத் தனிக் கொள்ளளவு வேண்டும். தேக்கத் தொட்டி மழை விட்ட 4 மணி நேரத்துக்குள் காலியாகிவிட வேண்டும். அடுத்த மழைக்கு இடம் இருக்க வேண்டுமே. செடிக்கென்று தண்ணீரை நிறுத்தி வைத்தால், சாயங்காலம் வரும் மழைக்கு அந்தத் தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அக்கா, சொல்லப் பயமா இருக்கு. மழை பெஞ்சா சைட் முழுக்கச் செம்மண் தண்ணி. ராத்திரி பம்பு போட்டு வடிகால்ல விட்டுடுன்னு மேல இருந்து சொல்றாங்க. – கட்டுமான ஊழியர்

செய்யாதீர்கள், தம்பி. சைட்டிலிருந்து போகும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தாலே அந்த அளவைத் தாண்டியிருக்கலாம். வெளியேறும் இடத்தில் கேமரா இருந்தால் ராத்திரியும் பதிவாகும். அந்த வடிகால் பல இடங்களில் குடிநீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. அங்கே சேர்வது நாம் எல்லாரும் குடிக்கிற தண்ணீர்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சைட்டில் இதையே செய்யச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை வடிகால் அடியில் கணுக்கால் அளவு சேறு. அதை அள்ளியவர்கள் உங்களைப் போன்ற ஊழியர்கள்தான், சொன்னவர்கள் அல்ல. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

சைட்டில் இசிஎம் திட்டம், அதாவது மண் அரித்துப் போகாமல் தடுக்கும் திட்டம் இருக்கும். தகுதி பெற்ற மண்ணரிப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். அவருக்கோ பாதுகாப்பு அதிகாரிக்கோ தகவல் சொல்லுங்கள். முடிந்தால் படம் எடுத்து வையுங்கள். சரி செய்ய வழியும் எளிதுதான்: வெட்டிப் போட்ட மண்ணை அன்றன்றே மூடினால் பாதிக் கலங்கல் குறையும். மிச்சத்துக்குத்தான் சுற்று வடிகாலும், வண்டல் தொட்டியும், சுத்திகரிப்பு இயந்திரமும். திறந்து கிடக்கும் மண்ணை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பினால் ஒரு பெரிய மழையில் தோற்றுவிடும்.

ஊரில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி போட வைத்தார்கள். அதே குழியை இங்கேயும் வெட்டினால் தொட்டி மிச்சமாகாதா?

தமிழ்நாட்டில் நோக்கம் வேறு. அங்கே நிலத்தடி நீரை உயர்த்த வேண்டும், அதனால் ஊற வைக்கிறோம். இங்கே அரை மணி நேரக் கொட்டு மழையைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஏற்கெனவே நனைந்து கிடக்கும் களிமண் அந்த வேகத்துக்குக் குடிக்காது. மழைத் தோட்டம் நல்லது, அதனால் தொட்டிக்குத் தேவைப்படும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். தொட்டிக்கு முழு மாற்று ஆகாது.

புக்கிட் தீமாவில் சொந்தத் தரை வீடு, இடித்துக் கட்டப் போகிறோம். எங்களுக்கும் தொட்டியா?

நிலம் 0.2 ஹெக்டேருக்குள் என்றால் தேவையில்லை. ஆனால் தள மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டடத்துக்கு அருகிலுள்ள சாலையைவிடக் குறைந்தது 300 மிமீ உயரம் வேண்டும், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்பார்கள். வாசல் வடிகாலை அனுமதி இல்லாமல் மூடாதீர்கள்.

மேடம், எங்கள் கொண்டோவின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். தொட்டியை யாரும் திறந்து பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்ன செய்ய?

இந்த வாரமே திறக்கச் சொல்லுங்கள், ஐயா. நீங்களே இறங்க வேண்டாம். மூடிக்கிடந்த தொட்டியில் காற்று விஷமாக இருக்கலாம், பயிற்சி பெற்றவர்கள் வாயு சோதனை செய்த பிறகே இறங்க வேண்டும். முதலில் வெளியேற்றும் துளையைப் பார்க்கட்டும். இலையும் பிளாஸ்டிக்கும் அங்கேதான் அடைக்கும். அடைத்தால் தொட்டி எப்போதும் நிறைந்தே கிடக்கும், ஏடிஸ் கொசுவும் வரும். பிறகு தொழில்முறைப் பொறியாளர் ஒருவரை ஆண்டுதோறும் வந்து சோதித்துச் சான்று தரும்படி ஏற்பாடு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது.