ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: பழைய 1.6 எஞ்சினா, புதிய டர்போவா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். வேலை மட்டக்களப்பு நகரில். கண்டியில் படிக்கும் மகளைப் பார்க்க மாதம் ஒரு முறை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு குடும்பமாகப் போவோம். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்க முடிவு செய்து, ஜப்பானிலிருந்து வந்த இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2013ஆம் ஆண்டின் 1.6 எஞ்சின் கார் (மாதிரிக் குறியீடு இசட்.சி.32.எஸ்). இங்கே ஒரே உரிமையாளர்தான், எதையும் மாற்றவில்லை. மற்றது 2018ஆம் ஆண்டின் 1.4 டர்போ (இசட்.சி.33.எஸ்). எஞ்சின் கணினியை டியூன் செய்து வலுவைக் கூட்டி, ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருக்கிறார்கள். இரண்டும் மனுவல் கியர். 136 குதிரைவலுவுக்கும் 140க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த வகை உங்களுக்குப் பொருத்தம் என்பது ஒன்று, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டில் எதை வாங்குவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் வெவ்வேறு.

முதலில் வகையைப் பார்ப்போம். உங்கள் நண்பர்கள் சொல்லும் 136, 140 என்பவை எஞ்சின் உச்சத்தில் சுழலும்போது கிடைக்கும் வலு. 1.6 எஞ்சின் அந்த 136ஐத் தருவது நிமிடத்துக்கு 6900 சுழற்சியில். களுவாஞ்சிக்குடிக்கும் கல்லடிக்கும் இடையில் எஞ்சினை அந்த அளவுக்கு ஓடவிட இடமே கிடைக்காது. ஊருக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்ற வேக வரம்புக்குள் ஓடும்போது உங்கள் எஞ்சின் பெரும்பாலும் 2000க்கும் 3500க்கும் இடையில்தான் சுழலும். ஆகவே பார்க்க வேண்டியது முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் எவ்வளவு பலமாகச் சுழற்றுகிறது என்பதை. 1.6 எஞ்சினுக்கு அது அதிகபட்சம் 160 நியூட்டன் மீற்றர், அதுவும் 4400 சுழற்சியில். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள காருக்கு 230, அது 2500 சுழற்சியிலேயே முழுதாக வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், 2500 சுழற்சியில் டர்போ கார் ஏறத்தாழ 82 குதிரைவலு தரும். 1.6 தன் முழு முறுக்குவிசையையும் அந்த இடத்திலேயே தந்துவிடுவதாக வைத்துக்கொண்டாலும் 57ஐத் தாண்டாது. டர்போ காரின் எடை 970 கிலோ, பழையது 1050 கிலோ. இந்த 80 கிலோவையும் சேர்த்துப் பாருங்கள். தாளில் 4 குதிரைவலுவாகத் தெரியும் வித்தியாசம் வீதியில் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஓர் உழவு இயந்திரம் உங்கள் முன்னால் போகிறது. அதன் வேகம் 25 கிலோமீற்றர் இருக்கும். இடது ஓரத்தில் சைக்கிள்கள், எதிர்ப்பக்கத்தில் தொலைவில் ஒரு பஸ். முந்துவதற்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். 1.6 காரில் இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சின் 4000ஐத் தாண்டிச் சத்தம் போட்ட பிறகுதான் கார் எழும்பும். டர்போவிலும் இரண்டாம் கியர்தான், ஆனால் 2500 சுழற்சியிலேயே கார் எழும்பிவிடும். எதிர்த்திசையில் நீங்கள் இருக்கும் நேரம் குறைகிறது. என்னைப் பொறுத்தவரை கூடுதல் பணத்துக்கான முதல் நியாயம் இதுதான், வேகம் அல்ல.

கண்டிப் பயணத்திலும் அப்படித்தான். செங்கலடியில் திரும்பி மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போகிறவராக இருந்தால் 18 வளைவு வீதி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். நால்வர் ஏறி, குளிரூட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும் நேரத்தில் டர்போவின் கீழ்ச்சுழற்சி வலு பெரிய நிம்மதி. ஆனாலும் 1.6 காரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எஞ்சின் மேலே போகப்போக உயிர்பெறும். மிதித்த அளவுக்கு அளந்து வலு தரும். ஓட்டுவதில் ஆசை உள்ளவருக்கு அந்தச் சுகம் டர்போவில் கிடைக்காது.

இனிப் பராமரிப்பு. டர்போ எஞ்சினில் பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. இத்தகைய எஞ்சின்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஐந்தாம், ஆறாம் கியரில் 1500 சுழற்சியில் கார் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது ஒரேயடியாக மிதித்தால், சிலிண்டருக்குள் சேர்ந்த ஒயில் துளியோ கரித்துகளோ தீப்பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடக்கூடும். அந்த அடி பலமாக விழுந்தால் பிஸ்டனே உடையும். இந்த ஆபத்தைக் குறைப்பதும் ஏ.பி.ஐ. எஸ்.பி. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஒரு தரம்) ஒயிலின் நோக்கங்களில் ஒன்று. டின்னில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். கியரைக் கீழே இறக்காமல் மிதிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நீண்ட ஓட்டத்தில் உள்ளெடுப்பு வால்வுகளில் கரி படிவதும் இந்த வகை எஞ்சினுக்கு இயல்பு. அதைச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் வையுங்கள். 1.6இல் இந்த இரண்டு கவலையும் இல்லை.

பெற்றோல் விடயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டர்போவுக்கு மட்டும்தான் ஒக்டேன் (பெற்றோல் நேரத்துக்கு முன் எரியாமல் தாங்கும் அளவு) 95 தேவை, பழையதற்கு 92 போதும் என்பார்கள். ஜப்பானில் இரண்டுக்குமே உயர் ஒக்டேன் பெற்றோல்தான் பரிந்துரை. அங்கே அந்தப் பெற்றோலின் தரநிர்ணயம் குறைந்தது 96. நம்மிடம் அதற்கு நெருக்கமானது 95. 92 ஊற்றினால் எஞ்சின் தட்டலை (பெற்றோல் முறையின்றி எரிவதால் வரும் அதிர்வை) உணர்ந்து, தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதற்கு விலையாக வலு குறையும், வெப்பம் கூடும். 1.6 இதைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். டர்போவை அப்படிச் சோதிக்க வேண்டாம். நீண்ட பயணத்துக்கு முன் 95 கிடைக்கும் இடத்தில் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். டர்போ காரின் தாங்கி 37 லீற்றர்தான், 1.6இன் தாங்கி 42 லீற்றர்.

உதிரிப்பாகங்களுக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். 1.6 எஞ்சின் சுசுகியின் எஸ்.எக்ஸ்.4, கிராண்ட் விட்டாரா கார்களிலும் வந்தது, டர்போ எஞ்சின் விட்டாராவில் வந்தது. பம்பர், விளக்கு போன்ற ஸ்போர்ட்டுக்கே உரிய பாகங்களுக்குத்தான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை வரை தேட வேண்டிவரும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒயிலையும் பெற்றோலையும் ஒழுங்காகக் கவனிக்கக்கூடிய உங்களுக்கு டர்போ வகையே பொருத்தம். மாற்றம் செய்யப்படாத ஒரு டர்போவுக்குக் கூடுதல் பணம் தகும். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த டர்போ காரை வாங்காதீர்கள்.

கணினியில் வலுவைக் கூட்டுவது என்றால் டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டுவது. அந்தக் கூடுதல் அழுத்தத்தைப் பிஸ்டனும், டர்போவும், கிளச்சும் எத்தனை காலம் தாங்கின, அந்தக் காலத்தில் தாங்கிக்குள் ஊற்றப்பட்டது 95ஆ 92ஆ என்பதை எந்த ஸ்கேனரும் உங்களுக்குச் சொல்லாது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தருகிறேன் என்று உரிமையாளர் சொல்லலாம். எஞ்சின் பட்ட பாட்டை அது அழிக்காது. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கே தடையாகலாம். ஸ்பிரிங் விடயம் இன்னும் நேரடியானது. கம்பனி தந்த நிலையிலேயே இந்தக் காரின் அடிப்பகுதி நிலத்திலிருந்து 120 மில்லிமீற்றர்தான். அதையும் தாழ்த்தினால் ஒழுங்கைக்குள் இருக்கும் வேகத்தடையில் முன்பம்பர் இடிக்கும். டயரின் பக்கச் சுவரோ 9 சென்றிமீற்றர்கூட இல்லை. பின்னால் அமரும் உங்கள் அம்மா ஒவ்வொரு குழியையும் முதுகில் உணர்வார்.

ஆகவே இரண்டில் ஒன்று. மாற்றம் செய்யப்படாத டர்போ ஒன்று கிடைக்கும் வரை காத்திருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் இங்கே ஓடும் டர்போக்களில் பெரும்பகுதி 2017க்கும் 2020க்கும் இடையில் வந்தவை. தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காத்திருக்க முடியாது என்றால் அந்த 2013 காரை எடுங்கள். நல்ல நிலையில் உள்ள 1.6, வரலாறு தெரியாத டர்போவைவிடப் பல மடங்கு மேல்.

எடுப்பதற்கு முன் காரை மேடையில் ஏற்றிக் கீழிருந்து பாருங்கள். கடற்கரையோரம் நின்ற காராக இருந்தால் உப்புக்காற்று முதலில் கடிப்பது பின் அச்சையும் பிரேக் குழாய்களையும்தான். ஆசனப்பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து, அடிமுனையில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மார்கழி வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அங்கே தெரிந்துவிடும். கம்பளத்தைத் தூக்கி ஆசனத் தண்டவாளத்தின் துருவையும் பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத வீதியில் நான்காம் கியரில் 2000 சுழற்சியில் வைத்து முழுதாக மிதியுங்கள். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புதிய கிளச்சின் விலையையும் கூலியையும் கேட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கார் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.